பன்னிரண்டாவது பாட்டு

‘நாலரை மணி’யின் பாட்டுகளை ஐந்து தடவை முழுசாகக் கேட்ட பிறகுதான் வாசுகி எழுத உட்கார்ந்தாள். ஐந்து தடவையும் காரில்தான். மலேசியாவில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள கெலாங் பாத்தாவில் அவள் வீட்டிலிருந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள அலுவலகத்துக்கு இருபத்தைந்து நிமிடம். சாயங்காலம் நெரிசலில் திரும்பி வர நாற்பது ஆகிவிடும். வீட்டில் அம்மா ராஜம்மாவின் தொலைக்காட்சித் தொடர்கள் ஒன்று மாற்றி ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், பாட்டு கேட்பதென்றால் அவளுக்குக் கார்தான்.

பகலில் சரக்குக் கப்பல் ஆவணங்களைச் சரிபார்ப்பது வேலை. வாரம் ஒரு முறை, ஜெயபாலன் நடத்தும் இணைய இதழில் புதிய தமிழ்ப் பாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுவாள். சம்பளம் இல்லை. ஆனாலும் ஆறு வருடமாக ஒரு வாரம்கூட விட்டதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியரான ஜெயபாலன் அவள் எழுத்தில் ஒற்றுப்பிழை திருத்துவதோடு சரி, கருத்தில் கை வைக்கமாட்டார்.

‘நாலரை மணி’ ஒரு மேடை இசை நாடகம். விடியற்காலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் தாண்டும் செல்வா, அவன் மனைவி பூங்கொடி, இவர்களுடைய கதை. மேடையேற நாலு மாதம் இருந்தது. அதற்கு முன்னோட்டமாக, கதை முழுவதையும் பாட்டுகளாலேயே சொல்லும் ஆல்பம் ஒன்றை வெளியிட இசையமைப்பாளர் ரூபேந்திரன் ஏற்பாடு செய்திருந்தான். லாபிஸ் ஊர்க்காரன், முப்பது வயது. ஸ்கூடாயில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே விமர்சகர்களுக்குப் பாட்டுக் கோப்புகளை அனுப்பியிருந்தான்.

முதல் தடவை கேட்டபோது வாசுகிக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. எடுத்த எடுப்பில் ‘அத்தனை விளக்கும்’ என்று ஊரே கூடிப் பாடும் ஒரு கோரஸ். அடுத்தது ‘இமிகிரேசன் வரிசை’, வேடிக்கையான ராப். செல்வாவின் குரலுக்குக் கணினி பூசிய மெருகு சற்று அதிகம். டிரம்ஸ் எல்லாம் பிளாஸ்டிக் வாளியில் தட்டியதுபோல இருந்தது. மூன்றாவது பாட்டு ‘ஈரச் சாலை’. அதில் செல்வா செத்துப்போகிறான்.

என்ன இது, மூன்றாவதிலேயே ஆள் போய்விட்டானே என்று நினைத்தாள். பிறகும் பாட்டுக்குப் பாட்டு அவன் வந்துகொண்டே இருந்தான். தவணையில் குளிர்பெட்டி வாங்கினான், மாமனாரோடு சண்டை போட்டான், விடியலில் கிளம்பினான். பதினோராவது பாட்டில், ‘யாரைக் கேட்பேன்’ என்று பூங்கொடி தனியாக நின்று அழுதாள். பன்னிரண்டாவது பாட்டில் மோட்டார் சத்தம், கேட் திறக்கும் சத்தம், பிறகு அவன் குரல். ‘வந்துட்டேன் பூங்கொடி.’ அவள் சாதாரணமாகக் கேட்டாள்: சாப்பிட்டியா?

முதல் தடவை குழப்பமாக இருந்தது. இரண்டாவது தடவை, அந்த ‘சாப்பிட்டியா’வைக் கேட்டதும் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

அவள் எழுதினாள்: “செல்வாவை மூன்றாம் பாட்டிலேயே சாகவிட்டு, மீதிக் கதையை அவனை வைத்தே நடத்துகிறார் ரூபேந்திரன். இது நினைவு என்றோ கனவு என்றோ எங்கும் சொல்வதில்லை. கடைசியில் அவன் வீடு திரும்புகிறான், அவள் சோறு போடுகிறாள். இழப்பை இவ்வளவு துணிச்சலாக நம்மில் யாரும் பாடி நான் கேட்டதில்லை.”

வெள்ளிக்கிழமை ஆல்பமும் விமர்சனமும் ஒரே நாளில் வெளிவந்தன. “நீ எழுதுனதுலயே இதான் ஒசத்தி” என்று ஜெயபாலன் செய்தி அனுப்பினார். நானூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை, காப்பியும் கையுமாகக் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டது. ‘அக்கா, பாட்டக் கேட்டீங்களா, இல்ல பேர மட்டும் படிச்சீங்களா? வந்துட்டேன் பூங்கொடி ரெண்டாவது பாட்டுக்கா. செல்வா சாவுறது பத்தாவதுல.’ கீழே சிரிப்பு முகங்கள்.

வாசுகி பாட்டுச் செயலியில் ஆல்பத்தைத் திறந்து பார்த்தாள். அந்த ஆள் சொன்னது சரி. முதல் பாட்டு ‘நாலரை மணி’. இரண்டாவது ‘வந்துட்டேன் பூங்கொடி’. கோரஸ்தான் கடைசி.

தன் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த கோப்புகளைத் திறந்தாள். அத்தனை, இமிகிரேசன், ஈரச் சாலை, குளிர்பெட்டி என்று விரல் கீழே இறங்கியது. அ, இ, ஈ, கு. கைப்பேசி பாட்டுகளை அகர வரிசையில் அடுக்கியிருந்தது. எண் போடாமல் அனுப்பியது ரூபேந்திரன்தான். ஆனால் வரிசையைத் தனிக் கோப்பாக இணைத்தும் இருந்தான். அவள் அதைத் திறக்கவே இல்லை. மூன்று கப்பலின் ஆவணங்களில் ஒரு எண் மாறியிருந்தால் கண்டுபிடிக்கிறவள்.

“ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?” என்றாள் அம்மா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்ணுமில்லமா.”

காரில் போய் உட்கார்ந்தாள். எங்கும் போகவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபடியே நாற்பத்தெட்டு நிமிடம், சரியான வரிசையில் ஆல்பத்தைக் கேட்டாள். ஒழுங்கான கதை. காதல், குடும்பம், வரிசையில் நிற்கும் அலுப்பு, விபத்து, அழுகை, கடைசியில் ஊரே கூடி ‘அத்தனை விளக்கும் எரியட்டும்’ என்று ஆறுதல் சொல்வது. நன்றாகத்தான் இருந்தது. முதலில் வைத்தபோது வெறும் இரைச்சலாகத் தெரிந்த கோரஸ், கடைசியில் வரும்போது முதுகைத் தடவிக்கொடுப்பதுபோல இருந்தது. ஆனால் அவள் எதைப் புகழ்ந்தாளோ அது மட்டும் அதில் எங்குமே இல்லை.

ஜெயபாலனை அழைத்துச் சொன்னாள்.

“அலமாக், ஐயையோ” என்றார். “சரி விடு, வாசுகி. அந்த ரெண்டு பத்தியத் தூக்கிட்டு வேற போட்ருவோம். யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?”

“நானூறு பேர் பகிர்ந்திருக்காங்க சார்.”

“அப்ப, அது உன்னோட பார்வைன்னு சொல்லு. விமர்சகருக்கு அந்த உரிமை இல்லியா?”

“கேட்டத எப்படி வேணா புரிஞ்சுக்கலாம் சார். நான் கேட்ட வரிசையே தப்பு. அழிக்க வேணாம், அது அப்படியே கிடக்கட்டும். மேல நான் ஒண்ணு எழுதித் தர்றேன்.”

அன்று மத்தியானமே எழுதிக் கொடுத்தாள். ‘நான் விமர்சித்த ஆல்பம் உலகத்தில் இல்லை. என் கைப்பேசி அதை அகர வரிசையில் அடுக்கியது, நான் கவனிக்கவில்லை. ரூபேந்திரன் செய்தது வேறு. அது இதோ’ என்று தொடங்கி, உண்மையான வரிசைக்கு உண்மையான விமர்சனம். நல்லதை நல்லது என்றும், ஒன்பதாவது பாட்டு இழுவை என்றும் சொன்னாள். ஞாயிறுக்குள் அவளுக்கு ‘அகர வரிசை அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ரூபேந்திரனை அழைக்கத்தான் கூச்சமாக இருந்தது. செய்யாத ஒன்றுக்கு அவனைப் புகழ்ந்தாயிற்று. மன்னிப்புக் கேட்பதென்றால் அந்தப் புகழைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வது மாதிரி. ஆனாலும் அழைத்துச் சொன்னாள், அவன் முழுதும் கேட்டுக்கொண்டான்.

“வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்கா. படிச்சதும் சிரிச்சேன். அப்புறம் உங்க வரிசையிலேயே போட்டுக் கேட்டேன்.”

“என் வரிசை இல்ல தம்பி. போன் போட்டது.”

“போன் அடுக்கத்தான் செஞ்சுச்சு. அதுல ஒரு கதை இருக்குன்னு சொன்னது நீங்க.” கொஞ்சம் தயங்கினான். “அடுத்த ஞாயித்துக்கிழமை கூலாயில ஒரு மண்டபத்துல ஒத்திகை இருக்கு. வர்றீங்களா? மேடைக்கு மட்டும் கடைசிய மாத்திப் பாக்கலாம்னு இருக்கேன்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வருகிறேன் என்று வந்தது.

மண்டபத்தில் காற்றாடிகள் சுற்றிய அளவுக்குக் காற்று இல்லை. பூங்கொடியாகப் பாடுகிறவள் ருமானா, மூவாரில் உணவுக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். ‘யாரைக் கேட்பேன்’ பாடி முடித்தாள். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. ரூபேந்திரன் சைகை காட்ட, மோட்டார் சத்தம் ஒலித்தது, செல்வா நடந்து வந்தான். ருமானா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

“எனக்கு வரல ரூபன்” என்றாள். “இவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா நான் பைத்தியம். தெரியும்னா எப்படி சாப்பிட்டியான்னு கேப்பேன்?”

ரூபேந்திரன் வாசுகியைத் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தெரியும்” என்றாள். “தெரிஞ்சுதான் கேக்குறா.”

“அது எப்படிக்கா?”

“எனக்கு ஒரு தம்பி இருந்தான். தீபன். ஒம்பது வருசம் ஆச்சு. பாலத்துக்குப் போற ரோட்டுல, மழையில, மோட்டார் சறுக்கிருச்சு.” இதை அவள் இதுவரை எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை; அலுவலகத்தில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. “தினம் சாயங்காலம் ஆறரைக்கு வருவான். காரியம் எல்லாம் முடிஞ்ச மறுநாள், ஆறரைக்கு அம்மா எந்திரிச்சுப் போய் வாசல் கேட்டைத் திறந்தாங்க. அழல. கொஞ்ச நேரம் நின்னுட்டு, மூடிட்டு வந்து சோறு வடிச்சாங்க. அடுத்த நாளும் அப்படித்தான். மூணு மாசம். அவங்களுக்குப் பைத்தியம் இல்ல. மத்த நேரமெல்லாம் நல்லாத்தான் இருந்தாங்க.”

“அப்புறம்?”

“ஒருநாள் நான் கத்திட்டேன். யாருக்கும்மா திறக்கிறீங்க, அவன் வரமாட்டான்னு. அதோட விட்டுட்டாங்க.”

செல்வா வேடக்காரப் பையன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

ருமானா தண்ணீர் குடித்தாள். “இன்னொரு தடவ போடு ரூபன்” என்றாள்.

இந்தத் தடவை கண்ணைத் துடைக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. வேறு எதையோ தேடுகிறவளைப்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு, ‘சாப்பிட்டியா’ என்றாள். ரூபேந்திரன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“இதுதான். இதோட முடிச்சிரலாம்.”

“முடிக்காதே” என்றாள் ருமானா உடனே. “எங்கண்ணன் இப்பவும் தினம் பாலம் தாண்டுறான். எங்கம்மாவும் இந்த நாடகத்தப் பாக்க வருவாங்க. இதோட விளக்க அணைச்சு அவங்கள வீட்டுக்கு அனுப்புவியா? கோரஸ் இருக்கணும்.”

ரூபேந்திரன் வாசுகியின் முகத்தைப் பார்த்தான். அவள் எழுதியதை வைத்துத்தான் இத்தனையும் தொடங்கியது. கோரஸ் வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் எடுத்திருப்பான்.

“அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி” என்றாள் வாசுகி. “நான் ஒரு ஆளுக்காகக் கேட்டேன். நீ மண்டபம் நிறைய சனத்துக்குப் பண்ற.”

ஆல்பம் வந்து நாலு மாதம் கழித்து ஜொகூர் பாருவில் நாடகம் அரங்கேறியது. ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிப் போனாள். என்ன நாடகம் என்று முன்பே சொல்லிவிட்டிருந்தாள். அம்மா “சரி” என்று சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அரங்கில் பலர் வேலைக்கு மோட்டாரில் போகிறவர்கள். மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ‘இமிகிரேசன் வரிசை’க்குச் சிரித்து ஓய்ந்தவர்கள், ருமானா ‘சாப்பிட்டியா’ என்றபோது மடியிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வாசுகி மேடையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் பார்த்தாள். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். கோரஸ் தொடங்கியபோது எல்லோரோடும் சேர்ந்து எழுந்து நின்றாள்.

கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது அம்மாதான் முதலில் பேசினாள். “அந்தப் பையனுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. ஹெல்மெட்ட யாரு அப்படிக் கழட்டுவா? முதல்ல கையுறையக் கழட்டணும்.”

“சொல்லிடுறேன்மா.”

“பொண்ணு நல்லாப் பண்ணுச்சு.”

காருக்குள் உட்கார்ந்ததும் வாசுகி சாவியைத் திருப்பவில்லை. “அம்மா, அன்னிக்கு நான் கத்துனேன்ல. கேட்டைத் திறந்ததுக்கு.”

அம்மா இடுப்புவாரை இழுத்து மாட்டினாள். முதல் தடவை சரியாக விழவில்லை, மறுபடி மாட்டினாள்.

“கத்துனது தப்பில்ல” என்றாள். “நானும் எத்தன நாளைக்குத் திறப்பேன்? ஆனா ஒருநாளாவது நீயும் வந்து பக்கத்துல நின்னிருக்கலாம்.”

பதிலுக்கு அம்மா காத்திருக்கவில்லை. பின்னால் யாரோ இடத்துக்காக வண்டியை நிறுத்தி விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தார்கள். “எடு, அவங்க நிக்கிறாங்க பாரு” என்றாள் அம்மா. வாசுகி வண்டியை எடுத்தாள். ஸ்கூடாய் தாண்டியதும் அம்மா தீபனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள், கெலாங் பாத்தா வரும்வரை நிறுத்தவில்லை.