கம்பியில் சாய்ந்த கம்பு

"நீ சொல்றது இரும்புக் கம்புக்கு, அக்கா. இது இரும்பா? தூக்கிப் பாரு, முருங்கைக் கொம்பாட்டம் இருக்குது."

"கார்பன்ல கரண்டு பாயும்னு வித்தவனே சொன்னான்டா. நானும் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்."

"பாயட்டும். பாயறதுக்கு மொதல்ல கரண்டு வேணும்ல? பெருமாள் திரும்பி வர்ற வரைக்கும் ஏதுக்கா கரண்டு?"

காந்தா டேங்கின் மூடியைத் திருகி மூடினாள். தம்பி வெங்கடேசன் சொன்னது காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கருட சேவையன்று வாகனத்தின் மேல் பிடிக்கும் குடைகள் மின்கம்பி உயரத்துக்கு வரும். அதனால் விடிவதற்கு முன்பே இந்த வீதியில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். வரதர் பெரிய காஞ்சிபுரம் போய்த் திரும்பி, இந்த வழியாகவே கோயிலுக்குப் போன பிறகுதான் விளக்கு எரியும். அவள் புத்தி தெரிந்த நாளாக அப்படித்தான் நடந்து வருகிறது.

வெங்கடேசன் குனிந்து தண்ணீர் டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு வார்களை இழுத்துக் கட்டினான். முசரவாக்கத்தில் அவர்களுடைய அப்பா கத்தரிச் செடிக்கு மருந்தடிக்கச் சுமந்த டேங்கு போலவேதான் இருந்தது அது. அதிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு சின்ன டியூப் கிளம்பிக் கம்பின் அடியில் போய்ச் சேர்ந்தது. மோட்டாரை அழுத்தினால் கம்பின் உள்ளேயே தண்ணீர் ஏறி, உச்சியில் இருக்கும் பிரஷ்ஷில் கொட்டும். தரையில் குழாய் கிடையாது. சுவரில் ஏணி கிடையாது. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். அதனால் சுத்திகரித்த கேன் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தார்கள்.

போன வருஷம் ரப்பர் குழாய் இருந்தது. வீதிக்கு எதிர்ப்புறக் குழாயடியிலிருந்து இழுத்து வந்து பட்டுக்கடையின் மூன்று மாடிக் கண்ணாடியைக் கழுவினார்கள். சுருட்டி முடிப்பதற்குள் வாகனம் வந்துவிட்டது. தோள் கொடுத்து வந்த ஸ்ரீபாதந்தாங்கிகளில் ஒருவருடைய கால் குழாயில் சிக்கியது. கருடன் ஒரு பக்கம் சாய்ந்தார். வீதி முழுக்க ஒரே குரலில் "ஐயோ" என்றது. விழுந்தவர் எழுந்துவிட்டார், வாகனமும் நிமிர்ந்துவிட்டது.

கடை மேனேஜர் அழகியமணவாளன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். பல மாதம் இவர்கள் முகத்திலேயே விழிக்காமல் இருந்தவர், இந்த வைகாசியில் கூப்பிட்டு அனுப்பினார்.

"வீதியில குழாய் கிடக்கப்படாது. ஏணியும் ஆகாது. பெருமாள் எழுந்தருளற நாள்ல அவரைவிட ஒசரத்துல ஒருத்தரும் நிக்கப்படாது. இது ரெண்டும் இல்லாம தொடைக்க முடியும்னா வாங்கோ. இல்லேன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வர ரெடியா இருக்கா."

அப்படித்தான் இந்தக் கம்பு வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி கழித்துப் போட்டது.

காலையில் வாகனம் கடந்துபோனபோது கடைக்கண்ணாடியில் சந்தனமும் பூவும் கற்பூரக் கரியும் அப்பியிருந்தன. திரும்பி வரும்போது முதலாளி கடை வாசலில் பெருமாளுக்குப் பூ, பழத் தட்டு கொடுப்பார். அதற்குள் கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும். காலையில் சேவிக்க வந்த ஜனம் கலையாமல் வீதியிலேயே காத்துக் கிடந்தது. கால் வைக்க இடமில்லை. பெருமாள் வரும் வழி என்பதால் அக்காளும் தம்பியும் செருப்பைக் கடைக்குள் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

கம்பு ஒவ்வொரு கணுவாக நீண்டு, மின்கம்பிகளுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் ஏறியது. தண்ணீர் வழிந்த இடமெல்லாம் உள்ளே தொங்கிய பட்டுப் புடவைகளின் அரக்கும் மயில் பச்சையும் ஈரத்தில் பிறந்தவை போல வெளிவந்தன.

"இன்னாபா, கொசுவுக்கா மருந்தடிக்கிற?" என்றாள் விசிறியோடு நின்ற ஒரு பெண்.

"ஆமாம்மா. பெரிய கொசுவுக்கு. கொஞ்சம் தள்ளி நில்லு, உம்மேல பட்டுடப் போவுது."

சுற்றிலும் சிரித்தார்கள். காந்தாவுக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் மூன்றாம் மாடியில் பிரஷ் மாட்டிக்கொண்டது.

மொட்டை மாடியிலிருந்து தோரணமாகத் தொங்கவிட்டிருந்த சீரியல் லைட்டு ஒயர் பிரஷ்ஷின் கழுத்தைச் சுற்றியிருந்தது. வெங்கடேசன் இழுத்தான். வரவில்லை. பக்கவாட்டில் ஆட்டினான். இன்னும் இறுகியது. கம்பு வில்லாக வளைந்து, அதன் நடுப்பகுதி மின்கம்பியின் மேல் மெல்லச் சாய்ந்து நின்றது.

"டேய்!"

"செத்த கம்பிக்கா அது. ஏன் கத்துற?"

"விட்டுட்டு வாடா."

"எப்படி விடறது? இந்தாண்ட விழுந்தா இவங்க மண்டை ஒடையும்." கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தியைக் கண்ணால் காட்டினான். "மேல போயி ஒயரை அறுக்கச் சொல்லு, போ."

காந்தா கடைக்குள் ஓடினாள். துணி மடித்துக்கொண்டிருந்த பெண் ஸௌம்யா உதட்டைப் பிதுக்கினாள்.

"மாடிக் கதவு பூட்டியிருக்குதுக்கா. பெருமாளுக்கு மேல யாரும் ஏறி நின்னுடக் கூடாதுன்னு மேனேஜர் சாரே பூட்டிட்டாரு. சாவி அவர் இடுப்புல இருக்குது."

"அவரு எங்க?"

"மாலை எடுத்துக்கினு பெருமாளை எதிர்கொண்டு போயிட்டாரே."

வெளியே வந்தாள். வெங்கடேசன் அதே இடத்தில் நின்றான். இரண்டு கையாலும் கம்பைப் பிடித்திருந்தான். கம்பில் வழிந்த தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டிக் காலடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது. மோட்டாரை நிறுத்தக்கூட ஒரு கையை எடுக்க முடியவில்லை.

"அக்கா, அறுத்தாங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் போலீஸ் ஜீப்பின் மைக் கரகரத்தது.

"பக்தர்கள் கவனத்திற்கு. சுவாமி திரும்ப இன்னும் தாமதமாகும். வெயில் அதிகமாக இருப்பதால் அதுவரை இந்தப் பகுதிக்கு மின்சாரம் வழங்கப்படும்."

வீதி கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். "அப்பாடா, ஃபேனுக்கு அடியிலயாவது நிக்கலாம்" என்றாள் விசிறிக்காரி.

காந்தா தம்பியைப் பார்த்தாள். அவன் கண் கம்பு சாய்ந்திருந்த கம்பிக்குப் போயிருந்தது.

"அக்கா" என்றான்.

முக்கில், டீக்கடையைத் தாண்டி, டிரான்ஸ்பார்மர் தெரிந்தது. மின்வாரியக் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் அதனடியில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். இடையில் தலைகள். தலைகள் மட்டும்தான். காந்தா தோளைக் கொடுத்து முட்டினாள். சுவரில் முட்டியது போல இருந்தது.

"ஏம்மா இடிக்கிற? எல்லாரும்தான் நிக்கிறோம்."

"வழி விடுங்கண்ணா, என் தம்பிண்ணா..." கைகளைத் தலைக்கு மேல் ஆட்டிக் கத்தினாள். காக்கிச் சட்டை திரும்பவில்லை. பக்கத்துச் சந்தில் நாதஸ்வரம் எடுத்துவிட்டார்கள். தவில் அவள் குரலை மென்று துப்பியது.

காக்கிச் சட்டைக்காரர் முதல் பீஸ் கட்டையைச் செருகினார். டீக்கடையில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. எதிர்ச்சாரிக் கடைகளில் டியூப் லைட்டுகள் கண் சிமிட்டி எரிந்தன. மறுபடியும் கைதட்டல். கம்பு சாய்ந்திருந்த இந்தச் சாரிக்கு இன்னும் கரண்டு வரவில்லை; அது அடுத்த பீஸில் வரும். திரும்பிப் பார்த்தாள்: கம்பு அங்கேயே, கம்பியின் மேலேயே. அதன் அடியில் வெங்கடேசனின் ஈரமான வெறுங்கால்கள், விரல்கள் தரையைப் பற்றியபடி.

காலையில் கற்பூரத் தட்டு இந்தக் கூட்டத்தில் கைமாறிக் கைமாறித்தான் போனது. அவள் முன்னால் நின்ற பெரியவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா, முன்னாடி சொல்லுங்க. ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லுங்க. அந்த காக்கிச் சட்டைக்காரரு அடுத்த பீஸைப் போட வேணாம்."

"கரண்டு வேணாமா? உனக்கென்ன கிறுக்கா?"

"அங்க பாருங்கய்யா! அந்தக் கம்பைப் பாருங்க!"

பெரியவர் திரும்பினார். கம்பைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கம்பைப் பிடித்திருந்தவனைப் பார்த்தார். முகம் மாறியது. முன்னால் நின்றவனின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"தம்பி, பீஸ் போட வேணாம்னு சொல்லு! ஆள் கம்பியில மாட்டியிருக்கான், முன்னாடி சொல்லு!"

அவன் அடுத்தவனிடம் சொன்னான். சில தலைகள் திரும்பின, சில திரும்பவில்லை. யாரோ "என்னது? என்னது?" என்றார்கள். சொல் கூட்டத்துக்குள் இறங்கி, டீக்கடை பந்தல் வரைக்கும் போனது தெரிந்தது. காக்கிச் சட்டைக்காரர் அடுத்த பீஸைக் கையில் எடுத்து, அதன் மேலிருந்த தூசியை ஊதினார். அவருக்குப் பின்னால், மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் எட்டி அவர் தோளைத் தொட்டாள்.

"சார், அதைப் போடாதீங்களாம், கொஞ்சம் நில்லுங்க சார்..."