இடதுபக்கத்து இடைவெளி

ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்த்துப் பழகிய பல் டாக்டருக்கு அருவருப்பு என்பதே மறந்துபோயிருந்தது. அன்று தங்கை வீட்டுக் கார் ஷெட்டில் நின்றபோது அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

ஷெட்டில் கார் இல்லை, விமானம்தான் இருந்தது. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். அவரும் தங்கையின் கணவரும் வருடக்கணக்கில் சேர்ந்து கட்டியது. மிச்சமிருந்தது தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடியும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் மட்டுமே. விமானத்தைச் சக்கரத்தில் இறக்கி நிறுத்திய பிறகே சட்டத்தை அளந்து வெல்டிங் வைக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஏது அவ்வளவு பொறுமை? வால் ஸ்டூல்மேல் இருந்தபோதே பற்றவைத்துவிட்டார். இறக்கினால் இடதுபக்கம் சட்டத்துக்கும் விமானத்தின் உடலுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. காற்று அதில் புகுந்தால் மூடி பிய்த்துக்கொண்டு போய் வாலில் அடிக்கும். வேறு சட்டம் செய்வோம் என்று சொல்லிவிட்டுத்தான் போன வாரம் டாக்டர் கிளம்பினார்.

இப்போது இடைவெளியைக் காணோம். வழவழவென்று பட்டி பூசி, மேலே வெள்ளைப் பெயிண்ட். சொத்தையைச் சுரண்டாமல் அடைத்த பல் மாதிரி இருந்தது.

“எப்படி மச்சான்? ஞாயித்துக்கிழமை இவளைப் பின்னாடி உட்கார வெச்சு ஒரு ரவுண்டு” என்றார் மாப்பிள்ளை, மனைவியைக் காட்டி.

“மாப்ள, இது வெறும் பட்டி.”

“பெயிண்ட் அடிச்சாச்சு. யாருக்குத் தெரியப்போகுது?”

வீட்டு மாப்பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டவும் முடியாது. டாக்டர் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது.

“சும்மா இருங்க மச்சான். உங்க தங்கச்சி ராப்பகலா உட்கார்ந்து தேய்ச்சது.”

வாசலில் நின்ற தங்கையின் நகக்கண்ணெல்லாம் சாம்பல் நிறப் பட்டி.

“பின்சீட்டுல உட்காரப்போறது நீதான்னு தெரியுமா?”

“தெரியும்ணா. இந்த வாரம் பறக்க முடியலைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தார். அனுசரிச்சுப் போம்மான்னு நீதானே எப்பவும் சொல்வே.”

யாரைப் பார்த்துக் குமட்டியது என்று டாக்டருக்கு இப்போது புரிந்தது. சுவரில் தொங்கிய ரம்பத்தை எடுத்துச் சட்டத்தின் உச்சியில் வைத்து அறுக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை கத்தினார். டாக்டர் காதில் வாங்கவில்லை.

“ஆடுதும்மா. இந்தப் பக்கம் பிடிச்சுக்கோ.”

அவள் கணவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு வந்து இரண்டு கையாலும் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.