மண்டபத் தூணில் வெட்டிய கோடு

இப்போதெல்லாம் ஒருவனிடம் வழி கேட்பவன், அவன் சொன்ன வழியில் பத்தடி நடந்துவிட்டு அடுத்தவனிடமும் அதையே கேட்கிறான். மனுஷன் வாய்க்கு மதிப்பில்லை. கல்லில் இருந்தால் நம்புவான், காகிதத்தில் இருந்தால் நம்புவான். கல்லில் வெட்டியவனும் காகிதத்தில் எழுதியவனும் மனுஷன்தானே என்று எவனும் யோசிப்பதில்லை. நானும் சுலபத்தில் யாரையும் நம்புகிறவன் இல்லை. எழுபது வயதில் ஒரே ஒருவனைத்தான் நம்பியிருந்தேன். என் கூட்டாளி அப்பாத்துரையை.

சீமையில் புது ராஜாவுக்குப் பட்டம் கட்டிய மறு வருஷம், பங்குனி. தாமிரபரணியில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் ஓடியது. ஓவர்சீயர் நேசையா எங்கள் ஊர்ப் படித்துறைக்கு வந்து, மூன்று காலில் நிற்கும் பித்தளைக் குழாயை மணலில் ஊன்றி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவர். என் மகனைவிடச் சின்னவர். டவுனுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுபோக எங்கள் கரையில் எஞ்சின் வீடு கட்டப் போகிறார்களாம். அதை எங்கே, எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று படம் போடுவது அவர் வேலை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பப்பாளிக் காம்பு ஒன்றைச் செம்புத் தண்ணீருக்குள் விட்டு உறிஞ்சிக் காட்டினார்.

"பாட்டையா, எஞ்சினும் இப்படித்தான் உறிஞ்சும். ஆனா தண்ணியிலயிருந்து இருவது அடிக்கு மேல வச்சா அதுக்கு இழுக்கச் சீவன் இருக்காது. தாழ வச்சா வெள்ளத்துல முங்கிரும். பெரிய வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சுன்னு தெரியாம நான் கோடு போட முடியாதுல்லா?"

நான் ஆற்றங்கரைக் கல்மண்டபத்தின் கூரைத் தட்டைக் காட்டினேன். "அந்தா, அந்தத் தட்டு மேல நின்னேன். முழங்காலுக்கு வந்துச்சு."

அவர் மேலே பார்க்கவில்லை. தூணைப் பார்த்தார். மண்டபத்துக்குள் நின்றால் நெஞ்சுயரத்தில் ஒரு கோடு வெட்டியிருக்கும். வெள்ளக்கோடு என்று ஊரே சொல்லும். வெள்ளம் வந்தால், அது நிற்கும் இடத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, 'இதோடு போ தாயே' என்று ஆற்றைக் கும்பிட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். பிறகு கல்தச்சன் அந்த மஞ்சள்மேல் கோடு வெட்டுவான். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்திய அந்தப் பெரிய வெள்ளத்தில் ஊர்க்காரர்கள் மஞ்சளோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தது மறுநாள் மத்தியானம். அதற்குள் தண்ணீர் பாதி வடிந்துவிட்டது. கல்லில் இருப்பது வடிந்த தண்ணீரின் கோடு. ஏறிய தண்ணீரைப் பார்த்தவர்கள் மூன்று பேர்தான். நான், அப்பாத்துரை, என் தங்கை செல்லக்கிளி.

மாடு பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டோம். மண்டபத்தில் ஏறினோம், தண்ணீரும் ஏறியது. அவளைத் தோளில் தூக்கித் தட்டுமேல் விட்டுவிட்டு நாங்களும் தொற்றினோம். விடிகிற நேரம் தட்டின்மேலும் வந்தது. அப்பாத்துரை பக்கத்து மருதமரத்துக்குத் தாவிவிட்டான். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். மரம் ஒன்று வேரோடு வந்து இடித்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது.

ஊர் அந்தக் கோட்டைப் பார்த்தது. நெஞ்சளவுத் தண்ணீரில், தட்டுமேல் நின்ற பிள்ளை எப்படிப் போகும்? தான் தப்பிக்கத் தங்கையை விட்டுவிட்டான் என்றார்கள். அம்மா மூன்று மாதம் என் கையில் சோறு தரவில்லை. அப்பாத்துரை ஒருநாள் தன் வேதப்புத்தகத்தோடு வந்து அதன்மேல் கை வைத்தான். "ஆத்தா, தண்ணி தட்டுக்கு மேல வந்துச்சு. அவன் கையை விடல. ஆறுதான் பிடுங்கிட்டு." அன்றைக்கு அம்மா வட்டிலை என் முன்னால் வைத்தாள். அந்த ஒரு வாயை நம்பித்தான் ஐம்பது வருஷம் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

நேசையா அப்பாத்துரையையும் கூப்பிட்டு விட்டார். அவன் வருவதற்குள் மருதமரத்து நிழலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"தட்டுக்கு மேல வந்ததுன்னா கட்டடத்த அந்த மேட்டுக்குத் தள்ளணும்" என்று நேசையா விரலை நீட்டினார். "பம்பை மட்டும் ஆழக் கிணறு வெட்டி உள்ள இறக்கணும். கோட்டோட நின்னதுன்னா இங்கன மண்டபத்துப் பக்கத்துலயே கட்டிரலாம். அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

அந்த மேடு அப்பாத்துரையின் வாழைத்தோட்டம். எனக்கு அப்போதுகூட அது உறைக்கவில்லை. அவன் தோட்டத்தைப் பார்த்தான், தூணைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"கல்லுல இருக்குல்லா" என்றான். "அதோடதான் நின்னுச்சு."

கூட்டத்தில் நின்ற மாரிக்கண்ணு, வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பிக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"அப்போ அந்தப் பிள்ளை எப்படிப் போச்சு, பெரியய்யா?"

நான் அப்பாத்துரையை மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "ஏலே, எங்க ஆத்தா முன்னால புஸ்தகத்துல அடிச்சியே. அது என்ன?"

"பைய பேசு, சொடலை."

"அது பொய்யா, இது பொய்யா? அதச் சொல்லு முதல்ல."

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "தோட்டம் போனா என் பேரப்பிள்ளைகளுக்கு என்னலே இருக்கு? செல்லக்கிளி போயி அம்பது வருசமாச்சு. வாழை இப்பம் நிக்கு." பிறகு எனக்கு ஏதோ உபகாரம் செய்தவன் மாதிரிச் சொன்னான்: "ஓவர்சீயர்கிட்ட மூணடி கூட்டி வைக்கச் சொல்லுதேன். உனக்காவத்தான்."

நேசையாவும் அதைத்தான் சொன்னார். கெட்டவர் இல்லை. முழங்காலில் பலகையை வைத்து, கோட்டுக்கு மேலே மூன்றடி அளந்து எஞ்சின் வீட்டின் தரையை வரைந்தார்.

"ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொல்லுதீக. கல்லு ஒண்ணுதான் சொல்லுது. அதுக்கும் மேல மூணடி விட்டிருக்கேன், பாட்டையா. இதுக்கு மேல வச்சா கமிட்டியில படத்தக் கிழிச்சிப் போட்டிருவாங்க. 'விசாரித்த பெரியவர்கள்'னு ரெண்டு பேரையும் எழுதியிருக்கு. ஒரு கைநாட்டு வச்சிருங்க."

அப்பாத்துரை கையெழுத்தே போட்டான். மிஷனில் கற்றது. அடுத்து என் கட்டைவிரலைப் பிடித்து மசியில் அழுத்தினார்கள்.

"நில்லுங்க" என்று எழுந்து மண்டபத்துக்குள் போனேன். கோடு என் நெஞ்சுக்கு இருந்தது. கையை உயர்த்தினேன். மூன்றடி விரல் நுனியோடு முடிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தட்டு அதற்கும் மேலே இருந்தது. தட்டின் விளிம்பில் ஒரு மைனா என்னைக் குனிந்து பார்த்தது. அன்றைய தண்ணீர் அது நிற்கிற இடத்துக்கும் மேலே என் முழங்கால் அளவு.

"அய்யா, நீங்க கட்டப்போற தரையில என் தங்கச்சி நின்னிருந்தா அப்பவே முங்கியிருப்பா" என்றேன்.

"அந்த மாதிரி வெள்ளம் இனிமே வராது, பாட்டையா."

"கல்லு சொல்லிச்சா?"

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். அப்பாத்துரை குனிந்து, அதில் ஏற்கெனவே காய்ந்துவிட்ட தன் கையெழுத்தை ஊதிக்கொண்டிருந்தான்.

நான் ஆற்றில் இறங்கினேன். கரைவழி போனால் அவன் வாழைத்தோட்டத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்; அதற்கு அக்கரை சுற்றிப் போவது மேல். பின்னால் யாரோ, "ஏ பாட்டா, கைநாட்டு!" என்று கத்தினார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறாமல், ஒரு பாவமும் அறியாததுபோல் ஓடியது. குனிந்தால் விரலைக் கழுவிவிடலாம். கழுவவில்லை. கறுத்த கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு அக்கரைக்கு நடந்தேன்.