தாடிக்கும் முகமூடிக்கும் நடுவே

“முதலாளிட்ட கேட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“எப்ப கேப்பீங்க? ஷிஹான்ட பொண்டாட்டி மாதிரி நானும் ஆஸ்பத்திரி வாசல்ல குந்தின பிறகா?”

இருட்டு விலகுமுன் சோற்றுப் பொதியைக் கையில் தந்தபடி மனைவி றிஸ்லா கேட்டாள். றிஸான் பொதியை வாங்கிக்கொண்டு வெளியே இறங்கினான். வேலிப்படலையைச் சாத்தும்போது, “கோவிச்சிட்டுப் போகாதீங்க” என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்தக் குரல் வாவிக்கரை வீதி நெடுகக் கூடவே வந்தது.

இன்றைய வேலை, காத்தான்குடியில் கைறுன்னிஸா தன் மகளுக்குக் கட்டிய சீதன வீட்டில். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தகட்டுக்கூரை வெயிலில் சூடேறிவிட்டால், வெக்கை தடுக்க அதன் உட்புறத்தில் அடிக்கும் நுரை ஒழுங்காக ஒட்டாது. அதனால் அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வேலை தொடங்கிவிடும். றிஸானும் மொறிஸும் இன்னும் இரண்டு பேரும் கனத்த குழாயைத் தோளில் போட்டு முற்றத்திலிருந்து இழுத்தார்கள். ஜன்னல்களுக்குப் பொலித்தீன் கட்டினார்கள். லொறியில் இரண்டு திரவப் பீப்பாய்களும் சூடேற, இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு திரவமும் நுரை தெளிக்கும் துவக்கின் முனையில் கலந்து தகட்டில் பட்டதும் பாலாகப் பொங்கி, பார்த்துக்கொண்டிருக்கவே இறுகிவிடும். பொங்கும் அந்த நேரத்தில் எழும் ஆவிதான் ஆளைத் தின்பது.

போன கிழமை ஏறாவூரில் ஒரு வீட்டுக் கூரைக்குள், இவர்களோடு வேலை செய்த ஷிஹான் துவக்கோடு சரிந்தான். நான்கு பேரும் சேர்ந்துதான் அவனை இறக்கினார்கள். முகமூடியின் பட்டியை இறுக்கிக் கட்டினால் போதும், வேலை முடிய ஒரு இளநீர் குடித்தால் நெஞ்சு கழுவப்பட்டுவிடும் என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் ஷிஹானின் தாடியைத் தொட்டுக் காட்டினார். மயிர் இருக்கும் கன்னத்தில் முகமூடி ஒட்டாது, அந்த இடைவெளியால் ஆவி உள்ளே போகும், ஒருமுறை நெஞ்சு பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைக்கும் என்றார். தலை முழுக்க மூடி, குழாயால் நல்ல காற்று ஊதும் தொப்பி இருக்கிறது, அதற்குத் தாடி தடையில்லை என்றும் சொன்னார்.

றிஸானுக்கும் தாடி. அவன் நெஞ்சும் இரவில் விசிலடிக்கத் தொடங்கி ஒரு மாதம். றிஸ்லாவைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்று துவக்குப் பிடிப்பது அவன் முறை. ஏணியின் முதல் படியில் கால் வைத்தான்.

மஜீட் ஹாஜியாரின் வான் வந்து நின்றது. நுரைக் கொம்பனி அவருடையது. கூடவே கைறுன்னிஸாவும் வந்திறங்கி றிஸானிடம் கேட்டாள்.

“மகன், இண்டைக்குப் பின்னேரமே கட்டிலக் கொண்டு வரலாமாமே? மணம்கூட இருக்காதெண்டு ஹாஜியார் சொன்னாரு.”

எந்த நுரை நல்லதென்று அவள் முன்பு கேட்டபோது, வாவி ஈரத்துக்குக் கடினமானதே நல்லது என்று சொன்னவன் அவன்தான். ஆவியின் ஆபத்தை மட்டும் சொல்லாமல் விழுங்கியிருந்தான். இப்போது சொன்னான்.

“இல்ல உம்மா. அடிச்சு முடிஞ்சு ஜன்னலெல்லாம் திறந்து, ஒரு முழு நாளாவது ஒருத்தரும் உள்ள வரப்படா. மகள் கட்டாயம் வரப்படா.”

ஹாஜியாரின் முகம் கறுத்தது. “உன்னட்டையா கேட்டது? ஏறு.”

“ஹாஜியார், முகமூடி ஒட்டுதில்ல.”

“அப்ப தாடிய வழிச்சிட்டு வா. ஏலாட்டி மொறிஸ் ஏறட்டும். அவன்ட முகம் மழமழ எண்டுதான் இருக்கு.”

எல்லாரும் மொறிஸைப் பார்த்தார்கள். பட்டணத்துப் பறங்கித் தெருவிலிருந்து வருபவன், தினமும் சவரம் செய்பவன். அவன் ஏறிவிட்டால் தன் வேலை போய்விடும் என்று றிஸான் நினைத்தான்.

மொறிஸ் முகமூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“எனக்கு இது நல்லா ஒட்டுது முதலாளி. ஆனா நான் ஏற மாட்டன்.”

“உனக்கென்ன, தாடியா இருக்கு?”

“தாடி இல்ல. ஷிஹான் இருக்கான்.”

அவன் லொறியடிக்குப் போய் இயந்திரத்தை நிறுத்தினான். மற்ற இருவரும் குழாயை மண்ணில் வைத்துவிட்டு றிஸானின் பக்கத்தில் வந்து நின்றார்கள். அந்த அமைதியில் றிஸானின் மூச்சு விசிலடிப்பது எல்லாருக்கும் கேட்டது. ஹாஜியாரின் கை தன்னையறியாமல் தன் வெள்ளைத் தாடிக்குப் போனது.

“நாலு பேரையும் இண்டைக்கே வேலையால நிப்பாட்ட ஏலும்” என்றார். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

நிறுத்தலாம்தான். றிஸானின் பயம் போகவில்லை. நெஞ்சுக்குள் அது அப்படியே கிடந்தது. ஆனால் வலது தோளை மொறிஸின் தோள் தொட்டுக்கொண்டிருந்தது. றிஸான் ஏணியிலிருந்து காலை எடுத்தான்.

“ஹாஜியார், எங்களுக்குக் காத்துத் தொப்பி வாங்கித் தாங்க. எல்லாருக்கும்.”