டேபிளில் முதல் பெயர்

மெஷின் ஒருமுறை நின்று திரும்ப ஓட வேண்டும். அதுவரை செய்ய ஒன்றுமில்லை. மெஹர் பானு நாற்காலியில் சாய்ந்து கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாத வயிறு மேஜை விளிம்பில் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தத் தாம்பரம் ஆபீசில் அவளும், கண்ணாடி அறைக்குள் மேனேஜர் ராஜகோபாலும், தரை பெருக்கும் கங்கையம்மாளும்தான் இருந்தார்கள்.

“இன்னா பானு, சும்மா குந்திகினு கீற?”

“மெஷின் ஏறணும்க்கா. அதுக்குத்தான் வெயிட்டிங்.”

கங்கையம்மாள் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். “எங்க கீது அது?”

“அமெரிக்காவுல. ஒரு பேங்க்கோட மெயின்ஃப்ரேம், ரொம்பப் பெரிய கம்ப்யூட்டர். நானே பார்த்ததில்ல. யாரு உள்ள வரலாம், யாரு எதைத் தொடலாம்னு அதுல ஒரு டேபிள் இருக்கும். அதைத்தான் புதுசா போட்டிருக்கேன்.”

“தாம்பரத்துல குந்திகினு அவ்ளோ தூரத்துல பூட்டு போடுறியா? யம்மாடி.” கங்கையம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

யம்மாடிதான். அந்த மெஷினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முழு அதிகாரத்தோடு ஒரு பெயராவது டேபிளில் இருந்தால்தான் எழுந்திருக்கும். பேங்க்காரர்களின் பெயர்கள் திங்கட்கிழமைதான் வரும் என்பதால், அதுவரைக்கும் மெஹரின் பெயரையே போடச் சொல்லியிருந்தார் ராஜகோபால். அத்தனை பெரிய பேங்க்கில் யாருக்கும் கதவைத் திறக்கவும் சாத்தவும் இன்று சேலையூர் மெஹர் பானு ஒருத்திதான். கான்டீனில் பெர்மனென்ட் ஆட்களின் வரிசையில் அவள் நிற்க முடியாது என்பது வேறு விஷயம்.

இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. கான்ட்ராக்ட் ஆளுக்குப் பிரசவ லீவு கிடையாது, போனால் போனதுதான். “டேபிளை ஒழுங்கா போட்டுக் குடுங்க, பெர்மனென்ட் ஆக்கிடலாம்” என்று அவர் சொன்னதை நம்பித்தான் வீங்கின காலோடு ராப்பகலாக உழைத்தாள்.

“பக்கத்து சீட்டு வெற்றிவேல் தம்பி லீவா? ஆளயே காணோமே.”

“அவனை அனுப்பிட்டாங்கக்கா.”

அங்கே அது ஒரு வழக்கம். முதலில் சிஸ்டத்தில் பெயரை எடுப்பார்கள், பிறகுதான் ஆளைக் கூப்பிடுவார்கள். கோபத்தில் எதையாவது அழித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். போன மாதம் வெற்றிவேல் பெருங்களத்தூர் பஸ் கூட்டத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கும்போதே மெஹர்தான் அவன் பெயரை எடுத்தாள். எடுக்கச் சொல்லி மெயில் வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். அவனுக்காக மேஜைமேல் ஒரு புதுத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். அவன் அதைத் தொடவே இல்லை.

திரையில் பச்சை எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. மெஷின் ஏறிவிட்டது. மெஹர் சோதனைக்காக வைத்திருந்த ஒரு பெயருக்கு அனுமதி கொடுத்தாள், உள்ளே விட்டது. பறித்தாள், மறுத்தது. எங்கேயோ கடல் தாண்டி, கண்ணில் படாத ஒன்று அவள் விரலுக்கு அசைகிறது. அவளுக்குப் புல்லரித்தது.

கணவனுக்கு போன் போட்டாள். “என்னங்க, ஏறிடுச்சு. ஒரு தப்புகூட இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் அயூப். “அப்ப பெர்மனென்ட்தான?”

“இன்ஷா அல்லாஹ்.”

“கடைய சாத்திட்டு நேரா அங்க வரேன்.”

ராஜகோபால் வெளியே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். “சூப்பர் மெஹர். பெரிய வேலை.” திரையைத்தான் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. “இப்ப என் ஐடியப் போட்டுட்டு உங்க பேரை எடுத்துடுங்க.”

“திங்கக்கிழமைன்னு சொன்னீங்களே சார்.”

“இல்ல, இப்பவே பண்ணிடலாம். எடுத்துட்டு ரூமுக்கு வாங்க. கொஞ்சம் பேசணும்.”

மெஹர் திரையில் தன் பெயரைப் பார்த்தாள். அவள் பெயரை எடுக்க அந்தக் கட்டடத்தில் வேறு யாராலும் முடியாது. ராஜகோபாலுக்கும் அது தெரியும். நாற்காலி முதுகில் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

அவர் ஐடியை அடித்தாள். எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். முழு அதிகாரம் கொடுத்தாள். பிறகு தன் பெயருக்கு எதிரே நீக்கும் குறியைப் போட்டாள். நிச்சயம்தானா என்று மெஷின் கேட்டது. அவளிடம் அதைக் கேட்டது அது ஒன்றுதான். விரல் கொஞ்ச நேரம் விசைமேலேயே இருந்தது. பிறகு அழுத்தினாள்.

அவ்வளவு பெரிய மெஷின், மறுபேச்சில்லாமல் சொன்னதைக் கேட்டது. அப்போதும் அவளுக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது.

“தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு ராஜகோபால் முன்னால் போனார். மெஹர் மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காலி நாற்காலிக்கு எதிரே மேஜைமேல் மூடி திறக்காத ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.