வாரத்துக்கு ஒரு பை

"குடுடா அந்தப் பையை—"

"அக்கா, இழுக்காத, அதுல ஒண்ணும்—"

"ஒண்ணுமில்லாமலா இந்தக் கனம் கனக்குது?"

"லேப்டாப்க்கா! கீழ விழுந்தா நான் காலி—"

"லேப்டாப்பைத் தோய்ச்சுத் தரேன்னு நான் சொன்னேனா? அழுக்குச் சட்டையெல்லாம் எங்க?"

"அதைத்தான் வந்ததுலேருந்து சொல்றேன், நீ காதுல வாங்கினாத்தானே—"

"வாங்கிட்டுத்தான் கேக்கறேன், எங்க?"

வாசற்படியிலேயே நின்று, பையின் ஆளுக்கொரு வாரைப் பிடித்துக்கொண்டு இருவரும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பியின் ஒரு காலில் செருப்பு இருந்தது, மறுகாலில் இல்லை. மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மேல்வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, அக்கா தம்பிதானே என்று மேலே போய்விட்டார்.

முதலில் விட்டது அக்காதான். அவள் விட்டதும் அவன் பின்பக்கமாய்ச் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டான். வேறு ஒரு நாளாக இருந்தால் அதற்கே இருவரும் சிரித்திருப்பார்கள்.

"சரி, உள்ள வா. நிதானமா சொல்லு."

அவன் சொன்னான். அலுவலகத்தில் இந்த மாதத்திலிருந்து துணியும் துவைத்துக் கொடுக்கிறார்களாம். காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, நேரமாகிவிட்டால் ராத்திரிச் சாப்பாடு எல்லாம் முன்பே இருந்தது. பல்லைப் பார்க்க ஒரு டாக்டர், முடி வெட்ட ஓர் ஆள், களைத்துப்போனால் படுக்க ஓர் இருட்டு அறை, முதுகைத் தானே பிடித்துவிடுகிற ஒரு நாற்காலி என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்துகொண்டே வந்து, இப்போது துணியில் வந்து நிற்கிறது.

"திங்கக்கிழமை பையில போட்டு நம்பர் கட்டி வெச்சாப் போதும். வியாழக்கிழமை மேஜைக்கே வந்துடும், இஸ்திரி போட்டு."

"அப்படியா."

"நாங்க ஒரு பைசா குடுக்க வேணாம்."

"பொண்டாட்டியும் அவங்களே பாத்துக் குடுத்துட்டா, நான் விருந்தாளி மாதிரி வந்து சாப்பிட்டுப் போயிடுவேன்."

"அக்கா! உனக்கு ஒரு வேலை மிச்சம், சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்."

"சந்தோஷம்தான். யார் இல்லேன்னா?"

அவள் போன வாரத்துச் சட்டைகளை எடுத்துவந்து கட்டிலின் மேல் வைத்தாள். அவன் ஒவ்வொன்றாய்ப் பைக்குள் அடுக்கினான். அவள் சமைத்து வைத்திருந்ததைச் சாப்பிட்டான், நன்றாக இருக்கிறது என்றான், போனைப் பார்த்தான், மறுபடியும் நன்றாக இருக்கிறது என்றான். கிளம்பும்போது, "அடுத்த வாரம் வரேன்க்கா" என்றான்.

"எதுக்கு?"

"எதுக்கா? சும்மாதான். சும்மா வரக்கூடாதா?"

வரலாம்தான். ஆனால் சும்மா வருகிறேன் என்பவர்கள் எந்தக் கிழமையில் வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மா போனபோது அவனுக்கு விவரம் தெரியாத வயது. அவளுக்கு எல்லா விவரமும் தெரிந்துவிட்ட வயது. அப்போது ஒரு சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள்தான், இன்னும் அங்கேயே இருக்கிறாள். அவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்தவன் ஒருவனும் இல்லை. அப்படியே வருஷங்கள் மடிந்து மடிந்து அடுக்கில் போய்விட்டன. தம்பி வளர்ந்தான், படித்தான், வேலை கிடைத்தது, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டு போனான். ஆனால் அவனிடம் துவைக்கிற இயந்திரம் இல்லை. அவளிடம் ஒரு சலுகை இருந்தது.

சலவை நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வாரத்துக்கு ஒரு பை. சொந்தத் துணியை அதில் போட்டுக் கொண்டுவந்தால் சனிக்கிழமை கடைசிச் சுற்றில் துவைத்துக்கொள்ளலாம். ஒண்டிக்கட்டையின் துணி எவ்வளவு வரும்? பையின் அடியில் ஒரு பிடி. மேலே முழுக்கத் தம்பியின் சட்டைகள்தான். அதற்காகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் வந்தான். அழுக்கைக் கொண்டுவந்து சுத்தத்தை எடுத்துக்கொண்டு போனான். நடுவில் சாப்பாடு, பேச்சு, சண்டை, அரைத்தூக்கம்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. மேலதிகாரி கூப்பிட்டுவிட்டாராம். அதற்கடுத்த ஞாயிறு நண்பர்களாம். அதற்கடுத்த ஞாயிறு காரணம் சொல்லவும் கூப்பிடவில்லை. சமைத்ததை அவள் இரண்டு வேளைக்கு வைத்துச் சாப்பிட்டாள்.

"என்ன இஸ்திரியக்கா, உன் பை இப்படி வத்திப்போச்சு?" என்று கேட்டாள் மடிப்புக்காரி. ஹோட்டல் விரிப்புகளை மடிக்கிற மேஜை அவளுடையது. அதற்கு எதிரே அக்காவின் இஸ்திரி மேஜை. பல வருஷமாய் இரண்டு பேரும் நீராவிக்கு நடுவில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"தம்பிக்கு ஆபீஸ்லயே தோய்க்கறாங்களாம்."

"அட! அப்போ பாதி இடம் காலிதானே? எங்க மாமியாரோட போர்வையை உன் பையில போட்டுக்கட்டுமா? என் பையில அது நுழைஞ்சா வேற எதுவும் நுழையாது, எங்க வீட்ல அவங்க இருக்கற மாதிரியே."

"போட்டுக்கோ."

"போட்டுக்கோன்னு சொல்ற, மூஞ்சி வேற சொல்லுதே." மடிப்புக்காரி ஒரு விரிப்பின் நுனிகளைச் சேர்த்தாள். "ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொண்ணு குடுக்கறாங்க, பாரு. எங்க வீட்டுக்காரருக்கு சினிமாக் கொட்டகையில இலவசமா படம் பாக்கலாம். டார்ச் அடிச்சு எல்லாரையும் உக்கார வெச்சுட்டுப் பாக்கணும், அதனால ஒரு படத்துக்கும் ஆரம்பம் தெரியாது. எங்க மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறார். வீட்ல யாருக்கு வேணா இலவசம். எனக்கு நெஞ்சு ரெண்டு தரம், முழங்கால் மூணு தரம் எடுத்தாச்சு. ஒரு கோளாறும் இல்லைன்னு அவருக்கு ஒரே வருத்தம்."

அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள்: "நல்ல சலுகைதான். உன்னை உள்ள வரைக்கும் பாத்திருக்காரே."

மடிப்புக்காரி அடுத்த விரிப்பை எடுத்தாள்.

அந்த வாரம்தான் சாம்பல் நிறப் பைகள் வந்தன. புது வாடிக்கை, பெரிய அலுவலகம் ஒன்று, இதுவரை வேறு இடத்தில் கொடுத்துவந்தார்களாம், தவறு நடந்தால் போய்விடும் என்று சூப்பர்வைசர் கைகளைப் பிசைந்துகொண்டு சொன்னார். பெயர் கிடையாது, ஒவ்வொரு பைக்கும் ஒரு எண் மட்டும். துவைத்து, உலர்த்தி, எண் வாரியாக மேஜைக்கு வந்தன. அக்கா இரண்டு பையை முடித்து மூன்றாவதில் ஒரு வெள்ளைச் சட்டையை விரித்தவள், காலரில் கை வைத்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

அந்தக் காலர் தேய்ந்தபோது அதைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்துத் தைத்தவள் அவள். தையல் ஓர் ஓரத்தில் கொஞ்சம் கோணிப்போயிருந்தது. அந்தக் கோணல்கூட அவளுடையதுதான்.

"என்ன, கறையா?" என்றாள் மடிப்புக்காரி.

"என் தம்பியோடது."

"எது?"

"சட்டை. இந்தப் பை முழுக்க."

மடிப்புக்காரி விரிப்பைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, சுத்தி வளைச்சு உன்கிட்டயே வந்துடுச்சா! உடனே போன் போட்டுச் சொல்லு."

"வேணாம்."

"ஏன்?"

"சொன்னா என்ன சொல்வான்? 'அப்போ ரொம்ப வசதியாப் போச்சுக்கா'ன்னு சொல்வான்."

மடிப்புக்காரி தன் மேஜைக்குத் திரும்பினாள். உண்மையும் அதுதான். துணி இங்கேயே வருகிறது என்று தெரிந்தால், வராமல் இருப்பதற்கு இருந்த கொஞ்ச நஞ்ச உறுத்தலும் அவனுக்குப் போய்விடும். தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள் அக்கா. கை தெரியாதா? இத்தனை வருஷம் அந்தக் கை தேய்த்ததைத்தானே உடுத்தினான்.

தம்பியின் சட்டைக் கையில் கோடு விழாமல் தேய்ப்பது அவள் வழக்கம். அதற்கென்று ஒடுக்கமான ஒரு பலகை உண்டு. சட்டைக் கையை அதில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். ஒரு கைக்கு ஆகும் நேரத்தில் மற்றவர்கள் முழுச் சட்டையை முடித்துவிடுவார்கள். தம்பி பள்ளிக்கூடத்தில் படித்தபோது, கத்தி மாதிரிக் கோடு போட்ட சட்டையைப் பார்த்துப் பையன்கள் கேலி செய்தார்களென்று ஒரு நாள் அழுதுகொண்டு வந்தான். அன்றிலிருந்து அவன் சட்டைக்கு அவள் கோடு போட்டதில்லை. அலுவலகத்துக்காரர்கள் எல்லாச் சட்டைக்கும் கோடு வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இந்த ஒரு பைக்கு மட்டும் அவள் அந்தப் பலகையை எடுத்தாள்.

வாரா வாரம் அந்தப் பை வந்தது. அவனைப் பற்றி அவளுக்கு வந்த சேதியெல்லாம் அதிலிருந்துதான். ஒரு வாரம் மூன்றே சட்டை. ஊருக்குப் போயிருக்கிறானா, காய்ச்சலா? ஒரு வாரம் கைமடிப்பில் காப்பிக் கறை. ஒரு வாரம் அவள் பார்த்தே இராத புதுச் சட்டைகள், அதில் ஒன்று ஊதா. கழுத்தளவைப் பார்த்து, கொஞ்சம் பெருத்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டாள். அலுவலகச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது போலும். நீராவியில் அவன் வாசனை வருமோ என்று ஒரு தரம் மூக்கருகே கொண்டுபோனாள். துவைத்த துணியில் சோப்பு வாசனைதான் வரும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? சுற்றிலும் பார்த்துவிட்டுச் சட்டையைக் கீழே வைத்தாள்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். இன்றைக்குத் தெரிந்திருக்கும், இன்றைக்குக் கூப்பிடுவான், "அக்கா, இது உன் கைதானே?" என்பான்.

வந்தது சூப்பர்வைசர்.

"அந்த ஆபீஸ் பைக்கு இஸ்திரி போட்டது யாரு?"

"நான்தான். ஏன் சார்?"

"கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கும்மா. ஒரே ஒருத்தர்தான். எல்லாருக்கும் கையில கோடு இருக்கு, எனக்கு மட்டும் இல்லை, அரைகுறையா போட்டு அனுப்பறாங்கன்னு எழுதியிருக்கார்."

"எந்த நம்பர்?"

அவர் எண்ணைச் சொன்னார். மடிப்புக்காரி விரிப்பைப் பாதியில் பிடித்தபடி நின்றாள்.

"நீங்க இத்தனை வருஷ ஆள். உங்க மேல ஒரு சொல் வந்ததில்லை. ஏதோ அவசரத்துல விட்டுப்போச்சுன்னு நானே சொல்லிட்டேன்."

"ஆமா சார். அவசரத்துல விட்டுப்போச்சு."

அவர் போனதும் மடிப்புக்காரி பொங்கினாள். "அவசரமா? இவன் ஒருத்தனுக்காக நீ—"

"விடு."

"என்ன விடு? எடு போனை, நான் கேக்கறேன் அவனை—"

"விடுன்னு சொல்றேன்ல."

அந்த வாரத்துப் பை வந்தபோது ஒடுக்கமான பலகையை அவள் எடுக்கவில்லை. கைகளை மேஜையில் தட்டையாய்ப் போட்டு ஓர் அழுத்து அழுத்தினாள். கோடு நேராக, கூர்மையாக விழுந்தது. சீக்கிரமே முடிந்துவிட்டது. மிஞ்சிய நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மடிப்புக்காரிக்கு விரிப்புகளின் நுனி பிடித்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், அவள் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட நேரத்தில், போன் அடித்தது.

"அக்கா! எப்படி இருக்க? இங்க ஒரே வேலை. மூச்சு விட நேரமில்லை."

"சாப்பிட்டியா?"

"இங்கதான் கேன்டீன்ல உக்காந்திருக்கேன். நீ?"

"இனிமேதான்." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "துணியெல்லாம் எப்படித் தோய்க்கறாங்க உங்க ஆபீஸ்ல?"

"நடுவுல கொஞ்சம் சொதப்பல். யாரோ ஒரு சோம்பேறி, கைக்குக் கோடே போடாம அனுப்பிட்டிருந்தாங்க. ஒரு வரி எழுதிப் போட்டேன், இந்த வாரம் சும்மா கத்தி மாதிரி வந்திருக்கு."

"உனக்குக் கோடு பிடிக்காதே."

"யார் சொன்னா?"

"நீதான். கோடு வேணாம்னு அழுதியே."

"எப்போ?"

"பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அதையா இன்னும் நெனப்பு வெச்சிருக்க? அதனாலதான் நீ போடறதில்லையா? எனக்குக் கோடு வேணும்தான்க்கா. நீ பாவம், வேலை முடிஞ்சு வந்து கஷ்டப்படறன்னு வாயைத் திறக்கல."

கோடு போடாததுதான் கஷ்டம் என்று அவள் சொல்லவில்லை. சிரிப்புச் சத்தத்துக்குப் பின்னால் தட்டுகள் மோதுவதும், யார் யாரோ பேசுவதும் கேட்டன. எவ்வளவு பேர் இருக்கிறார்கள் அங்கே!

"இந்த ஞாயித்துக்கிழமை—" என்று தொடங்கினாள்.

"பாக்கறேன்க்கா. இந்த வாரம் கஷ்டம். அடுத்த வாரம் நிச்சயமா. புதுசா சட்டையெல்லாம் வாங்கியிருக்கேன், நீ ஒண்ணுகூடப் பாத்திருக்க மாட்ட. போட்டுட்டு வந்து காட்டறேன், சரியா? இப்போ என்னைக் கூப்பிடறாங்க, வெச்சிடட்டுமா?"

"வெச்சிடாத. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, சீக்கிரம்."

"அந்தப் புது ஊதாச் சட்டையில, வலது கைப் பட்டன் ஒரு நூல்லதான் தொங்குது. பட்டன் தைக்கிறது உங்க ஆபீஸ் கணக்குல வராதுடா, தோய்ச்சுத் தேய்க்கிறது மட்டும்தான். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வர்றியா?"