இரண்டு பத்திலிருந்து இரண்டு நாற்பது வரை

1
இந்தக் கதை ஒரு கையேட்டிலிருந்து தப்பி வந்தது. லாரி நிறுவனம் ஒன்று தன் ஓட்டுநர்களுக்காகப் பாதுகாப்புப் பழக்கங்கள் பத்தை எளிய தமிழில் எழுதித் தரச் சொன்னது. டயரைத் தட்டிப் பார், பெல்ட்டைப் போடு, போனை எட்டாத இடத்தில் வை என்று ஒன்பதை ஒப்பேற்றிவிட்டேன். பத்தாவது, ஓய்வு. விவரம் கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் அந்த நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறார். போகாமலே இருந்திருக்கலாம்.

2
முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

அன்று மதியம் வெயில் — (வெயிலில் தொடங்கினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.)

மரணம் என்பது — (எனக்கென்ன தெரியும் அதைப் பற்றி?)

அத்தான் பொய் சொல்லமாட்டார். இது பரவாயில்லை. ஆனால் தினமும் ஒரே ஒரு பொய் எழுதுவார்.

3
நான்கு மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் வண்டியை ஓரங்கட்டித் தூங்க வேண்டும். அதை ஓய்வுப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும். அத்தான் காலையிலேயே, சாவியைத் தொடும் முன்பே, அதை எழுதி முடித்துவிடுவார். 2.10 முதல் 2.40 வரை ஓய்வு. கீழே கையெழுத்து.

"எல்லாரும் அப்படித்தான் மாப்ள. வழியில யாரு பேனாவத் தேடிக்கிட்டிருப்பா?"

"அப்புறம் தூங்குவீங்களா?"

"தோணினா தூங்குவேன். தோணாது."

(உரையாடலைக் கொஞ்சம் இழுத்துக் கட்டியிருக்கிறேன். கடைசிப் பதிலுக்கு முன் அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.)

4
பிறகு போன வாரம் நடந்ததைச் சொன்னார்.

"ரெண்டு பத்துக்குக் கடிகாரத்தப் பாத்தேன். அடுத்து பாக்கறப்போ ரெண்டு நாப்பது. நடுவுல ஒண்ணுமே இல்ல. கை ஸ்டியரிங்ல இருக்கு, வண்டி ஓடுது. எழுதி வெச்ச நேரத்துக்குச் சரியா தூங்கியிருக்கேன் மாப்ள. வண்டியத்தான் நிறுத்தல."

அவர் பேச்சையும் நிறுத்தவில்லை.

"வைப்பர் ஓடிக்கிட்டிருந்துச்சு."

மழை பெய்து ஒரு மாதமாகிறது. இறங்கிச் சுற்றிவந்து பார்த்தாராம். வண்டி முழுக்கப் புழுதி. முன்கண்ணாடி மட்டும் கழுவித் துடைத்திருந்ததாம். நெளிசல் இல்லை, கறை இல்லை.

[அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: வண்டியிலுள்ள கருவியின்படி அந்த அரை மணியும் வேகம் அறுபத்திரண்டு. எங்கும் குறையவில்லை. இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்குப் பிடிபடவில்லை.]

"நீ எழுதறவன்தானே, அந்த அரை மணி நேரத்த எழுதிக் குடு," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் வண்டி எடுக்கவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. வாசல்வரை வந்த அக்கா, "ஒண்ணும் நடக்கலன்னே எழுதுடா," என்றாள்.

5
முடிவு அ: பூச்சிக் கூட்டம் ஒன்று கண்ணாடியில் மோதியது. தூங்கியபடியே அவர் கை தண்ணீரைப் பீய்ச்சித் துடைத்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அல்லவா. (அக்காவுக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: சாலையைக் கடக்க ஓர் ஆள் —

இதற்கு மேல் எழுத ஓடவில்லை. மறுநாள் நானே அந்த அரை மணியில் வண்டி ஓடிய முப்பத்தோரு கிலோமீட்டரையும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன்.

6
பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு சைக்கிள். ஸ்டாண்டு போட்டு நின்றது, பூட்டவில்லை. எதிரே பஞ்சர் கடை.

"அதுவா? ஒரு வாரமா நிக்குது. யாரும் வந்து கேக்கல," என்றார் கடைக்காரர். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்."

சைக்கிளுக்குப் பின்னால் ஆளுயரப் புதர். நான் அதனருகே போகவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டேன்.

7
நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தது தெரிந்து அக்கா போன் செய்தாள். "என்னடா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவள் அழுதுவிட்டாள். பின்னால் அத்தான் பெருமூச்சு விட்டது கேட்டது. நாளையே வண்டி எடுக்கிறாராம்.

உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை கிளம்பும் முன்பே இந்தக் கதையின் கடைசி வரியை நான் எழுதிவைத்திருந்தேன்: 'சாலையில் ஒன்றும் இல்லை.' அக்காவிடம் ஒப்பித்தது அதைத்தான். கையேட்டின் பத்தாவது இடம் இன்னும் காலி.

அந்த வரியை அடிக்கவும் துணிவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் முன் ஒரு நடை அந்தப் புதர்வரை போய் வாருங்கள்.